குறுகிய பகல், நீண்ட நாள்: ஜெய்ப்பூரிலிருந்து உஜ்ஜயினி வரை

டிசம்பர் 18, ஜெய்ப்பூர்

டிசம்பரில் ஜெய்ப்பூருக்கு வருகிறவர்கள் கோட்டைகளைப் பார்க்க வருவார்கள். நாங்கள் வெயிலைப் பார்க்க வந்திருக்கிறோம், அதுவும் இந்த வாரத்து வெயிலை. ஆண்டிலேயே நீளமான நாட்கள் இவைதான். பகலைச் சொல்லவில்லை, நாளைச் சொல்கிறேன். பகல் இப்போது ஆண்டிலேயே குறைவு. இங்கே பத்தரை மணி நேரம்கூடச் சூரியன் இருப்பதில்லை. ஆனால் சூரியன் இன்று உச்சிக்கு வந்த நேரத்திலிருந்து நாளை உச்சிக்கு வரும் நேரம் வரை கணக்கிட்டால், டிசம்பர் 22 வாக்கில் அது 24 மணி நேரத்தைவிட அரை நிமிடம் அதிகம். செப்டம்பர் நடுவில் அதே கணக்கைப் போட்டால் 24 மணி நேரத்துக்கு 21 விநாடி குறைவு. நம் கடிகாரத்தில் ஓடும் 24 மணி நேரம் என்பது ஆண்டு முழுவதுக்குமான சராசரி.

இதைப் புத்தகத்தில் படித்துப் பாடமும் நடத்தியிருக்கிறேன். கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது. கூட அக்கா மகளும் வந்திருக்கிறாள், கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் படிக்கிறாள்.

காலையில் பனிமூட்டம். பதினோரு மணிக்குத்தான் விலகியது. தங்கும் விடுதியின் மொட்டை மாடியில் துணி காயப்போடும் இரும்புக்கால் ஒன்று அசையாமல் நிற்கிறது. அதில் தோள் உயரத்தில், ஏறத்தாழ ஒன்றரை மீட்டரில், காலண்டர் அட்டை ஒன்றைக் கட்டி அதில் சின்னத் துளை போட்டோம். துளை வழியாக வந்த வெயில் தரையில் நீள்வட்டமாக விழுகிறது. அது துளையின் உருவம் அல்ல, சூரியனின் உருவம். கைபேசியில் சரியாக 12.25 ஆனதும் அந்த வெளிச்சத்தின் நடுவில் பென்சிலால் புள்ளி வைத்தாள். தினமும் அதே 12.25-க்கு ஒரு புள்ளி. அவ்வளவுதான் ஏற்பாடு. விடுதிக்காரரிடம் விஷயத்தைச் சொன்னோம். மாடியைக் கழுவும்போது அந்த மூலையை விட்டுவிடச் சொல்கிறேன் என்றார்.

டிசம்பர் 19, ஜெய்ப்பூர்

இரண்டாவது புள்ளி நேற்றையதுக்கு மேற்கே விழுந்தது. அளவுகோல் வைத்துப் பார்த்தால் அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அட்டையைத் தொட்டுப் பார்த்தாள், கட்டு இறுக்கமாகவே இருந்தது.

நேற்று 12.25-க்குச் சூரியன் உச்சியைத் தாண்டி எவ்வளவு தூரம் போயிருந்ததோ, இன்று அதே 12.25-க்கு அவ்வளவு தூரம் போகவில்லை. உச்சிக்கு வரவே அரை நிமிடம் தாமதம். அந்த அரை நிமிடம்தான் தரையில் அரை சென்டிமீட்டராகத் தெரிகிறது.

பிற்பகலில் ஜந்தர் மந்தர். திரிபோலியா கடைவீதி வழியாக நடந்தே போகலாம். போகிற வழியில் சூடாக வெங்காயக் கச்சோரி சாப்பிட்டோம், குளிருக்கு அதைவிட ஒன்றும் வேண்டாம்.

மன்னர் சவாய் ஜெய்சிங் இந்த நகரத்தை 1727-ல் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே அரண்மனைக்குப் பக்கத்தில் இந்த வானோக்கு நிலையமும் எழுந்துவிட்டது. பித்தளைக் கருவிகளில் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. அளவில் சிறியவை, அச்சு தேய்ந்து ஆட்டம் காண்பவை என்று கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் மாறினார். அதன் உச்சம் சாம்ராட் யந்திரம் என்ற நிழல் கடிகாரம். எழுபது அடிக்கு மேல் உயரமான முக்கோணச் சுவர். அதன் சாய்வு விளிம்பு ஜெய்ப்பூரின் அட்சரேகைக்கு ஏற்ப 27 பாகையில் வட துருவத்தை நோக்கி ஏறுகிறது. சுவரின் இரு பக்கமும் சிறகு விரித்தாற்போல இரண்டு கல் வில்கள், ஒவ்வொன்றின் ஆரமும் 15 மீட்டர். காலையில் நிழல் மேற்கு வில்லில் இறங்கும், மதியத்துக்கு மேல் கிழக்கு வில்லில் ஏறும்.

நாங்கள் போனபோது கிழக்கு வில்லில் ஏறிக்கொண்டிருந்தது. மேலே ஏற அனுமதி இல்லை, தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். வழிகாட்டி ஒருவர், வயதானவர், நிழல் விளிம்பில் ஒரு கல் கோட்டைக் காட்டி, "இதையே பார்த்துக்கொண்டிருங்கள்" என்றார். பார்த்தோம். கல் கோடு மெல்ல இருட்டுக்குள் போயிற்று. ஒரு நிமிடத்துக்கு ஆறு சென்டிமீட்டர், ஒரு விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில் நிழல் ஊர்கிறது. பூமி சுழல்வதை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. அவளும் வாய் திறக்கவில்லை.

நிழலின் ஓரம் கத்தி வெட்டியதுபோல இருக்காது. சூரியன் புள்ளியல்ல, அரைப் பாகை அகலமுள்ள வட்டம். அதனால் 15 மீட்டர் தூரத்தில் நிழலின் ஓரம் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைய மங்கலாகிவிடும். வில்லில் இரண்டு விநாடிக்கு ஒரு கோடு வீதம் வெட்டியிருக்கிறார்கள். மங்கலான ஓரத்தை வைத்து அதைப் படிக்க முடியாது. வில்லுக்குப் பக்கத்தில் மெல்லிய நூல் ஒன்றை இழுத்துப் பிடித்து, அதன் நிழல் பெரிய நிழலுக்குள் மறையும் இடத்தைக் குறித்தால் கிடைக்கும். இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு உயிர் கொடுப்பது ஒரு நூல்.

வழிகாட்டி தன் கூட்டத்திடம், "இப்போது நிழல் காட்டும் நேரத்தோடு இருபத்துநாலு நிமிடம் கூட்டுங்கள், உங்கள் கைக்கடிகாரம் வந்துவிடும்" என்றார். கூட்டிப் பார்த்தவர்கள் கைதட்டினார்கள். சரியான விடைதான். நவம்பரில் வந்திருந்தால் பத்து நிமிடம்தான் கூட்டச் சொல்லியிருப்பார், பிப்ரவரியில் நாற்பது. இது ஏன் என்றுதான் யாரும் கேட்பதில்லை.

டிசம்பர் 20, ஜெய்ப்பூர்

மேகம். 12.25-க்குத் தரையில் ஒன்றும் விழவில்லை. புள்ளி இல்லாத நாள்.

அறையிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். "மாமா, குளிர்காலத்துல பூமி மெதுவாச் சுத்துதுன்னு சொல்லலாமா?" என்றாள். பலரும் நினைப்பது இதுதான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

பூமி தன்னைத்தானே சுற்றும் வேகம் இதற்குக் காரணமல்ல. நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் ஒரு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம் 4 விநாடி. டிசம்பரிலும் அதே, செப்டம்பரிலும் அதே. ஆனால் அந்த ஒரு சுற்றுக்குள் பூமி சூரியனைச் சுற்றும் பாதையில் ஏறத்தாழ ஒரு பாகை நகர்ந்துவிடுகிறது. நேற்றுப்போலச் சூரியன் உச்சிக்கு வர வேண்டுமானால் பூமி இன்னும் ஒரு பாகை திரும்பியாக வேண்டும். அதற்கு நாலு நிமிடம். இரண்டையும் சேர்த்தால்தான் 24 மணி. சுற்று மாறாது, மாறுவது அந்தக் கடைசி நாலு நிமிடம்தான். சில மாதங்களில் அது நாலரை நிமிடம், சில மாதங்களில் மூன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல்.

மாறுவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, பூமியின் பாதை சரியான வட்டம் இல்லை. ஜனவரி 3, 4 வாக்கில் சூரியனிலிருந்து 14.71 கோடி கிலோமீட்டர், ஜூலை 4 வாக்கில் 15.21 கோடி. பக்கத்தில் இருக்கும்போது பூமி வேகமாக ஓடும், விநாடிக்கு 30.3 கிலோமீட்டர். தூரத்தில் 29.3. வேகமாக ஓடினால் ஒரு நாளில் ஒரு பாகையைவிடச் சற்றுக் கூடுதலாக நகரும். அப்போது அதிகமாகத் திரும்ப வேண்டும், நாளும் நீளும். இந்தக் காரணம் மட்டும் இருந்தால் ஜனவரித் தொடக்கத்தில் நாள் 8 விநாடி நீளும், ஜூலைத் தொடக்கத்தில் 8 விநாடி குறையும்.

இது நமக்குப் புதிய விஷயமே இல்லை. இப்போது நடப்பது மார்கழி. மார்கழிக்கு 29 அல்லது 30 நாள்தான். ஆனிக்கு 31 அல்லது 32. தமிழ் மாதம் என்பது சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலம். பன்னிரண்டு ராசியும் 30 பாகைதான். தனுசு ராசியை 29 நாளும் கொஞ்சமுமாகக் கடக்கிற சூரியன், மிதுனத்தைக் கடக்க முப்பத்தொன்றரை நாளுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. பூமி இப்போது வேகமாக ஓடுகிறது என்பது நம் வீட்டு நாட்காட்டியிலேயே மாதக் கணக்காக அச்சடித்துத் தொங்குகிறது. இதைச் சொன்னதும் அவள் அம்மாவுக்கு உடனே போன் போட்டு, ஆனி எத்தனை நாள் என்று பார்க்கச் சொன்னாள்.

ஆனால் 8 விநாடி 30 விநாடி ஆகாதே. மீதி 22 எங்கே என்று கேட்டாள். அது அடுத்த காரணம். அதைச் சொல்ல உருண்டையாக ஏதாவது கையில் வேண்டும்.

டிசம்பர் 21, ஜெய்ப்பூர்

வானம் தெளிவு. 12.25-க்குப் புள்ளி வைத்தாள். 19-ஆம் தேதிப் புள்ளிக்கும் இதற்கும் இடைவெளி ஒன்பதரை மில்லிமீட்டர், அதாவது முந்தைய இடைவெளிபோல் இரண்டு மடங்கு. மேகம் மறைத்த நாளின் அரை நிமிடமும் அதற்குள் இருக்கிறது. நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கணக்கு ஏறிக்கொண்டேதான் போகிறது.

இன்னொன்றும் கவனித்தாள். புள்ளிகள் மேற்கே மட்டும் நகர்கின்றன, வடக்கு தெற்காகப் பார்த்தால் நகர்ச்சியே இல்லை. சூரியன் தெற்கே போகிற எல்லையைத் தொட்டுத் திரும்பும் நாட்கள் இவை, அதனால் உச்சி உயரம் மாறவில்லை. ஆண்டு முழுவதும் இப்படித் தினம் ஒரு புள்ளி வைத்தால் கடைசியில் தரையில் எட்டு வடிவம் வரும். அந்த எட்டின் ஒரு கோடியில் நிற்கிறோம். புள்ளிகள் ஒன்றுக்கொன்று மிகவும் தள்ளித் தள்ளி மேற்கு நோக்கிப் போகும் இடம் இதுதான்.

மாலையில் மறுபடி ஜந்தர் மந்தர். அங்குள்ள இன்னொரு நிழல் கடிகாரமான நாடிவலய யந்திரத்துக்கு இரண்டு முகம், வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. இப்போது தெற்கு முகத்தில் மட்டுமே வெயில். வடக்கு முகத்துக்கு மார்ச் 21 தாண்டித்தான் வெயில் வரும். சாம்ராட்டின் பக்கவாட்டில் ஷஷ்டாம்ச யந்திரம் என்று இருட்டறைகள் உண்டு. கூரையில் சிறு துளை, உள்ளே வளைந்த கல் அளவுகோல், உச்சி வேளையில் சூரிய உருவம் அதில் வந்து விழும். எங்கள் மாடிக் காலண்டர் அட்டையின் பெரிய அண்ணன். உள்ளே விட மாட்டார்கள். கதவருகே நின்றுவிட்டு வந்தோம்.

டிசம்பர் 22, ஜெய்ப்பூர்

இன்று பிரிந்துகொண்டோம். அவள் மாடியில், நான் சாம்ராட்டின் மேற்கு வில்லுக்குப் பக்கத்தில். பன்னிரண்டே காலுக்கு வில்லின் அடியில் ஒரு முழத்துக்கு மேல் நிழல் மிச்சம் இருந்தது. அது சுருங்கிச் சுருங்கி, 12.25-ஐ ஒட்டி மங்கலான பட்டையாகி, அப்புறம் எந்தப் பக்கமும் நிழல் இல்லை. சூரியன் சரியாகத் தென்வடல் கோட்டில். அவள் மாடியிலிருந்து போன் செய்து, புள்ளி இன்னும் அரை சென்டிமீட்டர் மேற்கே போய்விட்டது என்றாள்.

ஜெய்ப்பூரில் உச்சி ஏன் 12.25? இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. ஜெய்ப்பூர் அதற்கு மேற்கே ஆறே முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. பாகைக்கு நாலு நிமிடம் வீதம் இருபத்தாறே முக்கால் நிமிடத்தை ஒட்டி வரும். அதிலிருந்து இன்றைய சூரியன் சராசரியைவிட முன்னால் இருக்கும் ஒன்றரை நிமிடத்தைக் கழித்தால் 12.25-ஐச் சற்றுத் தாண்டும். இந்த ஒன்றரை நிமிடம் தினமும் அரை அரை நிமிடமாகத் தேய்ந்து 25-ஆம் தேதி ஒன்றுமில்லாமல் போகும். அந்த நாளை உஜ்ஜயினியில் பார்க்கப் போகிறோம்.

டிசம்பர் 23, ரயிலில்

சவாய் மாதோபூர் தாண்டி, கோட்டா வந்தது. நடைமேடையில் ஆரஞ்சு வாங்கினோம். உருண்டை கிடைத்துவிட்டது.

தோலை உரித்தால் சுளைகளின் கோடுகள் மேலிருந்து கீழே ஓடுகின்றன. நடுவில் சுளை அகலம், மேலே போகப் போகக் குறுகல். கடிகாரத்துக்குக் கணக்கு இந்தச் சுளைகள்தான்: சூரியன் ஒரு நாளில் எத்தனை சுளையைக் கடந்தது என்பதே நாளின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. சூரியனின் ஆண்டுப் பாதை ஆரஞ்சின் நடுக்கோட்டிலேயே போனால் தொல்லையில்லை. ஆனால் அது 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் நடுக்கோட்டைச் சாய்வாக வெட்டிப் போகிறது. போகிற தூரத்தில் ஒரு பங்கு மேலே ஏறவோ கீழே இறங்கவோ செலவாகிவிடும், குறுக்கே கடப்பது குறையும். டிசம்பரிலும் ஜூனிலும் நடுக்கோட்டுக்கு இணையாக ஓடுகிறது, அதுவும் சுளைகள் குறுகிய இடத்தில். அதே தூரத்துக்கு அதிகச் சுளை கடக்கிறது, பூமியும் அதிகமாகத் திரும்ப வேண்டியிருக்கிறது. டிசம்பர், ஜூன் இரண்டிலும் இதனால் மட்டும் இருபத்தொன்று, இருபத்திரண்டு விநாடி கூடும். மார்ச், செப்டம்பரில் இருபது குறையும்.

பேனாவால் ஆரஞ்சின் மேல் சாய்கோடு போட்டு, அவளே எண்ணிப் பார்த்தாள். அப்புறம் இரண்டு காரணத்தையும் கூட்டச் சொன்னேன். "டிசம்பர்ல ரெண்டும் ஒரே பக்கம் சேருது மாமா, 22-ம் 8-ம் முப்பது. ஜூன்ல ஒண்ணு கூட்டுது, ஒண்ணு கழிக்குது, 13 தான் மிச்சம்." அதேதான். ஜூன் நாள் 13 விநாடி நீளம், மார்ச் கடைசியில் 18 விநாடி குறைவு, செப்டம்பரில் 21 குறைவு. பூமி சூரியனுக்கு மிக அருகே வருவதும் தென்கோடித் திருப்பமும் இரண்டு வார இடைவெளிக்குள் அமைந்துவிட்டதால்தான் டிசம்பருக்கு இந்தப் பெருமை.

தினம் அரை நிமிடம் என்பது பெரிதாகத் தோன்றாது. சேரும்போது தெரியும். நவம்பர் 3 வாக்கில் சூரியன் கடிகாரத்தைவிட 16 நிமிடம் முந்தியிருக்கும், பிப்ரவரி 11 வாக்கில் 14 நிமிடம் பிந்தியிருக்கும். எங்கள் மதுரையில் நவம்பர்த் தொடக்கத்தில் உச்சி 12.01-க்கு, பிப்ரவரியில் 12.32-க்கு. மூன்று மாதத்தில் மதியம் அரை மணி நேரம் தள்ளிப்போகிறது, யாருக்கும் தெரியாமல்.

குளிர்காலத்தில் விடியல் விஷயமும் இதில்தான் அடங்குகிறது. மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 என்றால் மிகத் தாமதமான சூரிய உதயமும் அன்றுதானே இருக்க வேண்டும்? இல்லை. ஜெய்ப்பூரில் அது ஜனவரி இரண்டாம் வாரம். மதுரையில் ஜனவரி கடைசி. அதேபோல் மாலையில் மிகச் சீக்கிரம் இருட்டுவது ஜெய்ப்பூரில் டிசம்பர் முதல் வாரத்திலேயே முடிந்துவிட்டது. உச்சி வேளை நாளுக்கு நாள் பின்னுக்கு நகரும்போது உதயத்தையும் மறைவையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகிறது. தை பிறந்தும் ஏன் இன்னும் விடியவில்லை என்று அதிகாலையில் எழுகிறவர்கள் கேட்பது நியாயமான கேள்வி.

டிசம்பர் 25, உஜ்ஜயினி

நேற்று மகாகாலேசுவரர் கோயில் தரிசனம், கூட்டம் அதிகம். இன்று முழுக்க ஷிப்ரா நதிக்கரையில் இருக்கும் வேதசாலையில், அதாவது வானோக்கு நிலையத்தில். இதுவும் ஜெய்சிங் கட்டியதுதான். 1923-ல் குவாலியர் மன்னர் மாதவராவ் சிந்தியா காலத்தில் புதுப்பித்து, இன்றும் ஆண்டுதோறும் பஞ்சாங்கக் கணக்கு வெளியிடுகிறார்கள். ஜெய்ப்பூர் போலக் கூட்டமோ பிரமாண்டமோ இல்லை. கருவிகள் அளவில் சிறியவை, மரநிழல் நிறைய. எனக்கு இந்த இடம்தான் அதிகம் பிடித்தது. கருவிக்குப் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம், விரட்டுவார் இல்லை.

இந்த ஊருக்குத் தனி மரியாதை உண்டு. இந்திய வானியலில் தீர்க்கரேகைக் கணக்கு தொடங்குவது உஜ்ஜயினியிலிருந்து. இங்கே வளர்ந்த கணக்கு மரபில் சூரியனின் இந்த ஏற்றத்தாழ்வுக்கு இரண்டு தனித்தனித் திருத்தங்கள் இருக்கின்றன. சூரியனின் ஓட்டம் சீராக இல்லாததால் வருவது புஜாந்தரம். பாதை சாய்ந்திருப்பதால் வருவது உதயாந்தரம். 12-ஆம் நூற்றாண்டுப் பாஸ்கராச்சாரியார் உதயாந்தரத்தை விளக்கி எழுதியிருக்கிறார். ஊசல் கடிகாரம் வருவதற்கு ஐந்து நூற்றாண்டு முன்பு, 8 விநாடியும் 22 விநாடியும் தனித்தனிக் காரணம் என்று பிரித்து வைத்த மூளைகளை நினைத்தால் எனக்கு இன்னும் பிரமிப்பு அடங்கவில்லை.

பன்னிரண்டேகாலுக்கே இங்குள்ள சாம்ராட் யந்திரத்தின் அருகே போய் நின்றோம். உஜ்ஜயினியின் தீர்க்கரேகைக்கு மட்டும் கணக்குப் போட்டால் உச்சி 12.27-க்குச் சில விநாடி முன்பின். இன்று அதில் கூட்டவோ கழிக்கவோ ஒன்றுமில்லை. சூரியனும் கடிகாரமும் ஒத்துப்போகும் நாள். ஆண்டில் இப்படி நாலு நாள்தான்: ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 வாக்கில். இவள் ஒரு வெள்ளைத் தாளை நிழல் ஓரத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். 12.26-க்கு இடப்பக்கம் மெல்லிய இருள். அரை நிமிடத்தில் தாளின் விளிம்பு வரை வெளுத்தது. 12.27, நிழல் இல்லை. பணியாளர் ஒருவர் எட்டிப் பார்த்து, நாளைக்கு வந்தால் அரை நிமிடம் பிந்தும் என்றார் இந்தியில். தினமும் பார்க்கிறவர் அவர்.

ஊரில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: துளையிட்ட அட்டை ஒன்று, வெயில் படும் சமதரை, கைபேசி, பென்சில் போதும். தென்வடல் கோடு தெரிய வேண்டிய அவசியமில்லை, தினமும் ஒரே மணிக்கு வைத்தால் சரி. டிசம்பர் கடைசி வாரத்தில் புள்ளிகள் மேற்கே ஓடும். செப்டம்பர் நடுவில் கிழக்கே ஓடும். அப்போது சூரியன் வேகமாகத் தெற்கே இறங்குவதால் வடக்கேயும் சேர்ந்து நகரும், ஆகவே கோடு சாய்வாக வரும். அட்டையைச் சுவரிலோ தூணிலோ அசையாதபடி கட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர் ஆடினாலும் ஆறேழு விநாடி போய்விடும்.